பயிற்சிக்கு வந்த பெண்ணும் பின்கதவும்

ஜனவரி 6, திங்கள்

நூல் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் தரும் டைரியை என் மனைவி சுலோச்சனா கோலம் போட்டுப் பழக எடுத்துக்கொள்வாள். இந்த வருடம் நான் கொடுக்கவில்லை. நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால் எப்போது என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு ஒரு சாட்சி வேண்டும். கம்பெனியில் எனக்காகச் சாட்சி சொல்ல ஒரு ஈ காக்கை வராது. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் பனியன் கம்பெனியின் முதலாளி மகன் நிரஞ்சன் இன்று என்னைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் அவர் சின்னவர். வெளிநாட்டில் படித்து வந்தவர். நான் ஃபேக்டரி மேனேஜர் திருமலைசாமி. சின்னவர் டிராயர் போட்டுக்கொண்டு கட்டிங் டேபிளுக்கு அடியில் ஓடி விளையாடிய காலத்திலிருந்து இங்கே இருக்கிறேன்.

"திருமலைண்ணா, காலேஜ்ல இருந்து ஒரு ஸ்டூடண்ட் வருது. ஒரு செமஸ்டர் பூராவும் நம்ம கம்பெனியிலதான். இங்க செய்யற வேலைதான் அதுக்குப் பாடம். நாம போடற மார்க்குதான் மார்க்கு."

"அதுல நம்மளுக்கு என்னங்க தம்பி?"

"நம்மளுக்குத்தான் லாபமே. சீசன்ல ஒரு கை கூட. பழகிப் பழகி நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போன தப்பெல்லாம் புது ஆளு கண்ணுல படும். புடிச்சுதுன்னா படிப்பு முடிஞ்சதும் வேலைக்கே எடுத்துக்கலாம். அரை மணி நேரம் இண்டர்வியூ பண்ணி ஏமாற வேண்டாமில்ல?"

இந்த ஊரில் ஒரு டெய்லர் கிடைக்க வேன் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறோம். இங்கே படித்த ஆள் தானாக வந்து வாசலில் நிற்கிறது என்றால் யோசிக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சின்னவர் போகிறபோக்கில் சொன்னார். நம்மிடம் அதிகம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், வேலை செய்கிறவர்களுக்கு வசதியும் பாதுகாப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆடிட்டுக்கு இந்த முறை முன்கூட்டிச் சொல்லாமல் ஆள் அனுப்பப் போகிறார்களாம். ஏப்ரலுக்குள் என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம்.

"இந்த ஆடிட் போச்சுன்னா ஆர்டர் போச்சுங்ணா. ஆர்டர் போச்சுன்னா அப்பா உங்களை வெச்சிருக்க மாட்டாரு. நானும் குறுக்க பேச முடியாது."

ஐம்பத்தாறு வயதில் நான் எந்த கேட்டில் போய் நின்று வேலை கேட்பது? 

ஜனவரி 7, செவ்வாய்

பேக்கரியில் தண்டபாணியைப் பார்த்தேன். மங்கலம் ரோட்டில் வேறொரு கம்பெனியில் மேனேஜர். சொல்லாமல் வருகிற ஆடிட் பற்றிக் கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"அவங்க நேரா வர மாட்டானுங்கப்பா. முன்னாலயே ஒரு ஆளை உள்ள விட்டுருவானுங்க. டெய்லரு மாதிரி, ஹெல்பரு மாதிரி. அது உள்ளயே இருந்து எல்லாத்தையும் பாத்துச் சொல்லும். அப்புறந்தான் கோட்டு போட்டவன் வருவான்."

"ஸ்டூடண்ட் மாதிரியும் வருவாங்களா?"

"ஏன் வர மாட்டானுங்க?"

டீ ஆறிப்போனது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

வந்துவிட்டாள். பெயர் ஜீவிதா. ஃபேஷன் டெக்னாலஜி மூன்றாம் வருடமாம். ஒல்லியான பெண், தோளில் பை, முகத்தில் பயமே இல்லை. முதல் நாள் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்க வேண்டும். இல்லை என்றால் அவர்களுக்கு வேறு ஏதோ தைரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சுற்றிக் காட்டினேன். மிஷினைப் பார்ப்பாள், துணியைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள், தைத்த பீஸில் தப்பு பார்க்கும் செக்கிங் பகுதியில்தான் அதிக நேரம் நின்றாள். அங்கிருந்து பின் மாடிப்படிக்குப் போகிற கதவைப் பார்த்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி:

"சார், இந்தக் கதவு ஏன் பூட்டியிருக்கு?"

என் கை தானாக இடுப்புச் சாவியை மூடியது. அது அவசர வழி. மேலே பச்சை எழுத்தில் போர்டு மாட்டியிருக்கிறோம். கதவைத் திறந்து வைத்தால் பீஸ் திருட்டுப் போய்விடும் என்பதால் எப்போதும் பூட்டு. சாவி என் இடுப்பில். ஆடிட் என்று தேதி சொன்னால் அன்றைக்கு மட்டும் நானே போய்த் திறப்பேன். கழிவறையில் சோப்பு வைப்பதும், தண்ணீர் கேன் பக்கத்தில் டம்ளர் வைப்பதும், மருந்துப் பெட்டியில் மருந்து வைப்பதும் அப்படித்தான். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் சோப்பு என் பீரோவுக்குத் திரும்பி வந்துவிடும். திருப்பூரில் நான் மட்டும் செய்கிற வேலை இல்லை இது.

"இன்னைக்கு மட்டும்தாம்மா. பூட்டுல ஏதோ ரிப்பேர்" என்றேன்.

"ரிப்பேர்னா பூட்ட முடியாதுல்ல சார்?" என்றாள்.

ஜனவரி 9, வியாழன்

பின்கதவைத் திறந்துவிட்டேன். வாட்ச்மேனை அங்கே ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறேன். வெளியே போகிற எல்லோரையும் முறைக்கச் சொல்லியிருக்கிறேன். சோப்பு, டம்ளர், மருந்து எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்து வைத்தாயிற்று.

ஜனவரி 11, சனி

ஜீவிதா கேன் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம். கேன் நிரப்புகிற ஃபில்டரைக் கழுவ ஆள் வரச் சொல்லிவிட்டேன். உள்ளே இருந்து வந்த அழுக்கைப் பார்த்து அந்த ஆளே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

சுலோச்சனாவிடம் சொன்னேன். "பால் ஊத்தறவரு சீக்கிரம் வந்தாலும் சந்தேகம், லேட்டா வந்தாலும் சந்தேகம். அந்தப் புள்ளையவாவது விடுங்க" என்கிறாள். இவளுக்கு என்ன தெரியும்?

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து தெற்கத்தி ஆட்கள் இன்றுதான் ஊரிலிருந்து திரும்பினார்கள். உள்ளூர்க் காலேஜ் பெண்ணும் இன்றுதான் வந்தாள். எனக்கு ஒரு கட்டு பனங்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது ஏதும்மா?"

"ஊருக்குப் போயிருந்தோம் சார். திருச்செந்தூர் பக்கம்."

மத்தியானம் பார்த்தால் செக்கிங் பகுதியில் பேச்சியம்மாளும் எல்லோருக்கும் பனங்கிழங்கு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பேச்சி பல வருடமாக இங்கே செக்கிங் பார்க்கிறவள், தெற்கத்திக்காரி. வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவள் என்று எனக்கு அவள்மேல் நல்ல அபிப்பிராயம் உண்டு. ஒரே நாளில் இரண்டு பேர் கையிலும் ஒரே கிழங்கு எப்படி வரும்? எந்த ஊரில் வேலைக்கு விடுகிறார்களோ அந்த ஊர்க்காரர்களின் தீனி வரை கற்றுக்கொடுத்துத்தான் அனுப்புவார்கள் போலிருக்கிறது.

கிழங்கு நன்றாக இருந்தது. சாப்பிட்ட பிறகுதான் லஞ்சம் வாங்கிவிட்டோமோ என்று தோன்றியது.

ஜனவரி 27, திங்கள்

"சார், செக்கிங்ல நிக்கிறவங்களுக்கு உக்கார ஒண்ணுமே இல்லையா?"

வந்துவிட்டது. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்விதான். ஆடிட்டர்கள் கேட்கிற கேள்வியை அச்சு அசலாகக் கேட்கிறாள் ஜீவிதா. நின்றுகொண்டு பார்த்தால்தான் பீஸைத் திருப்பிப் பார்க்கக் கை வரும் என்றேன்.

"நீங்க ஒரு நாள் நின்னு பாத்திருக்கீங்களா சார்?"

மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனாலும் இதை ஒரு சாதாரண மாணவி மேனேஜரிடம் கேட்பாளா? பின்னால் யாரோ இருக்கிறார்கள்.

ஜனவரி 29, புதன்

ஸ்டூல் வந்து இறங்கியது. செக்கிங் பெண்கள் உட்காரவில்லை. ஏதோ சோதனை வைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடிப்பீர்களா என்று ஒருத்தி கேட்கிறாள். "அடியே உக்காருங்கடி" என்று நான் கத்தின பிறகுதான் உட்கார்ந்தார்கள். என் சர்வீஸில் ஆட்களை உட்காரச் சொல்லிக் கத்தியது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 8, சனி

சின்னவருக்குத் தலைகால் புரியவில்லை. குறை இருந்தும் செக்கிங்கில் தப்பி பேக்கிங் வரை போய்த் திரும்புகிற பீஸ் நன்றாகக் குறைந்துவிட்டதாம். அந்தப் பெண்தான் கண்டுபிடித்துச் சொன்னாளாம். மத்தியானத்துக்கு மேல்தான் தப்புகள் அதிகம் தப்பிப் போகின்றன, கால் வலி வந்தால் கண் வேலை செய்யாது என்று. செக்கிங் டேபிளுக்கு மேலே இருக்கும் டியூப்லைட் மங்கலாக இருப்பதையும் சொன்னாளாம். அதையும் மாற்றியாயிற்று.

"பாத்தீங்களாண்ணா? புதுக் கண்ணுன்னு சொன்னனில்ல? இந்த மாதிரி இன்னும் ரெண்டு புள்ளைங்களை எடுத்திருக்கோணும்."

ஸ்டூல் வாங்கினது நான். அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எதற்காக வாங்கினேன் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பிப்ரவரி 13, வியாழன்

பின்கதவு திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பீஸ் குறைகிறதா என்று ஸ்டோர்காரரிடம் கேட்டேன். எப்போதும் குறைகிற அளவுதான் குறைகிறது என்கிறார். அப்படியானால் இத்தனை வருடமும் எல்லாம் முன்வாசல் வழியாகத்தான் போயிருக்கிறது. வாட்ச்மேனை ஸ்டூலோடு முன்வாசலுக்கு மாற்றினேன். அவன் முகம் சரியில்லை. அவனையும் கவனிக்க வேண்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று என் கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஜீவிதா ஆபீஸ் ரூமில் சாப்பிடவில்லை. மாடிப்படிக்குக் கீழே பேச்சியோடு உட்கார்ந்திருந்தாள். ஒரே டப்பா. இரண்டு பேர் கையும் அதே டப்பாவில். பேச்சி, "ஏளா, மெதுவா தின்னு" என்று அதட்டுகிறாள். அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு தின்கிறது. என்னைப் பார்த்ததும் இருவரும் சட்டென்று தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஒரு காலேஜ் பெண்ணைத் தெற்கத்திப் பேச்சில் உரிமையோடு ஏளா என்று கூப்பிடும் அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டது. பேச்சியை மடக்கிவிட்டாள். வாயைத் திறக்காதவளிடம் வாயைத் திறக்க வைத்துவிட்டாள். பேச்சிக்குத் தெரியாதது இந்தக் கம்பெனியில் எதுவும் இல்லை. பூட்டு, சோப்பு, டம்ளர், ஆடிட் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் நிற்க வைத்துப் பாடம் எடுப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி 26, புதன்

வேலை முடிந்து, ஜீவிதாவும் பேச்சியும் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் போனேன். இரண்டு பேரும் பாண்டியன் நகரில் ஒன்றாக இறங்கினார்கள். பேச்சி நடக்கச் சிரமப்பட்டாள், அந்தப் பெண் அவள் பையை வாங்கிக்கொண்டாள். வீடு வரை போய்ப் பேச்சு கொடுக்கிறாள் என்றால் காரியம் முற்றிவிட்டது. சந்துக்குள் பைக் போகாததால் திரும்பிவிட்டேன்.

சுலோச்சனா, "ரெண்டு பொம்பளைங்க பின்னாடி பைக்குல போனேன்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

பேச்சியைக் கீழே குடோனுக்கு மாற்றிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை. இனி பேச முடியாது. பேச்சி ஒரு வார்த்தை ஏன் என்று கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள்.

மார்ச் 7, வெள்ளி

எழுத வேண்டுமா என்று யோசித்தேன். சாட்சிக்காகத்தானே எழுதுகிறேன், எழுதிவிடுகிறேன்.

காலையில் ஜீவிதா என் கேபினுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பேச்சியம்மாளை ஏன் சார் குடோனுக்கு மாத்துனீங்க?"

"அது கம்பெனி விஷயம். உனக்கெதுக்கு?"

"அங்க பண்டல் தூக்கணும் சார். அவங்களால நிக்கவே முடியாது. கால்ல நரம்பெல்லாம் சுருட்டிக்கிச்சு."

"அவங்க நரம்பு வரைக்கும் உனக்கு எப்படித் தெரியும்? யாரு அனுப்பிச்சா உன்னை இங்க? நேரா சொல்லு."

கேட்டேவிட்டேன். இரண்டு மாதம் தொண்டையில் நின்ற கேள்வி. அவள் என்னையே பார்த்தாள்.

"யாரும் அனுப்பலை சார். அது எங்கம்மா."

 அவளே தொடர்ந்து சொன்னாள்.

"தினமும் வேலை விட்டு வந்து காலை நீட்டிட்டு உக்காந்திருப்பாங்க. என்னம்மான்னா, ஒண்ணுமில்லம்பாங்க. சின்ன வயசுலருந்து ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு கேட்டே வளந்தேன் சார். காலேஜ்ல எந்தக் கம்பெனி வேணும்னு கேட்டாங்க. ஏசி ஆபீஸெல்லாம் இருந்துச்சு. அந்த ஒண்ணுமில்லாதது என்னதுன்னு பாக்கணும்னுதான் இந்தக் கம்பெனி பேரைச் சொன்னேன்."

அதற்குள் யார் சொன்னார்களோ, பேச்சி குடோனிலிருந்து மேலே ஏறி வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"சார், புள்ள மார்க்குல கைய வச்சிராதிய. செக்கிங்காரி பொண்ணுன்னு தெரிஞ்சா மருவாதியா நடத்த மாட்டாகன்னு நாந்தான் வெளிய சொல்லாதன்னு சொன்னேன். தப்பெல்லாம் என்னுதுதான்."

"நான் ஒண்ணும் மார்க்குல கைய வெக்கல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு பேரையும் போகச் சொன்னேன்.

மார்ச் 8, சனி

அப்படியானால் உளவாளி இல்லை. பின்கதவைப் பூட்டிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

பின்கதவைத் திறந்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. அம்மா என்று சொன்னால் உடனே நம்பிவிட வேண்டுமா? யார் வேண்டுமானாலும் யாரையும் அம்மா என்று சொல்லலாம். இரண்டு பேருக்கும் தாடை ஒரே மாதிரி இருக்கிறதுதான். வாட்ச்மேன்கூட, "உங்களுக்கு இப்பத்தான் தெரியுமாக்கும்?" என்கிறான். ஆனாலும் ஆடிட் வருகிற நேரத்தில் அரைகுறை நம்பிக்கையில் கதவைப் பூட்டி வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. அதனால்தான் திறந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

பேச்சியையும் செக்கிங்குக்கே மாற்றிவிட்டேன். குடோனில் இருக்கிறவன் ஆள் சரியில்லை என்று சொன்னான். அவன் சொல்லவில்லை, ஆனால் சொல்லியிருப்பான். அவளுக்கு டியூப்லைட்டுக்கு நேர் கீழே இருக்கிற ஸ்டூலைப் போடச் சொன்னேன். அது வெளிச்சத்துக்காக.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சுலோச்சனா உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். சொன்ன பிறகு அந்த வார்த்தையே வாயில் கசந்தது.

மார்ச் 14, வெள்ளி

பேக்கரியில் தண்டபாணியைப் பிடித்துக் கேட்டேன். ஆளை முன்னாலேயே உள்ளே விடுவார்கள் என்று யார் உமக்குச் சொன்னது என்று. தலையைச் சொறிகிறார்.

"யாரோ சொன்னாங்கப்பா. ஏன், உன்ற கம்பெனிக்கு வந்துட்டானுங்களா?"

 கேக்குக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19, புதன்

வந்துவிட்டார்கள். காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு வாடகைக் கார். ஒரு ஆண், ஒரு பெண், பெங்களூரிலிருந்து. பழைய வழக்கப்படி எனக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. சோப்பு எடுக்க, சாவி எடுக்க. பாதி தூரம் ஓடின பிறகுதான் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சோப்பு சோப்பு இடத்தில் இருந்தது. கதவு திறந்திருந்தது. தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர்கள் பின்னால் நடந்தேன்.

பின்கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். படியில் இறங்கி வெளியே போய்த் திரும்பி வந்தார்கள். கைப்பிடியில் தூசி இருக்கிறதா என்றுகூடத் தடவிப் பார்த்தார்கள். இல்லை, தினமும் ஆட்கள் அந்த வழியாகத்தான் டீக்குப் போகிறார்கள். செக்கிங் பகுதியில் தப்பு எப்படிக் குறைந்தது என்பதை ஜீவிதா ஆங்கிலத்தில் அவர்களுக்கு விளக்கினாள். சின்னவர் பக்கத்தில் நின்று தானே சொல்வதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். நாங்கள் யாரும் கூட இருக்கக் கூடாது. செக்கிங்கிலிருந்து அவர்கள் கை காட்டியது பேச்சியை.

என் வேலை, பெயர், எல்லாம் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சியின் வாயில் இருந்தது. அவளைக் குடோனுக்குத் தள்ளினவன் நான். எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பவுமில்லை. சொல்லிக்கொடுக்க எனக்கு வாயும் இல்லை. அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் அது நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன பேச்சிம்மா கேட்டாங்க?"

"பொறவாசக் கதவு எப்பவும் தொறந்துதான் இருக்குமான்னு கேட்டாக. ஆமான்னு சொன்னேன்."

"எப்பவுமா?"

"இப்பம் எப்பவும் தொறந்துதான சார் கெடக்கு. நான் பொய் சொல்லலேல்ல?"

அவள் கேட்டது கேள்வியா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

மார்ச் 26, புதன்

ஆடிட்டில் பாஸ். ஒரு குறையும் எழுதவில்லை. சின்னவரின் அப்பா, பெரியவரே போனில் கூப்பிட்டு நல்லாச் செஞ்சீங்க என்றார். கம்பெனி முழுக்க லட்டு. சுலோச்சனாவுக்கு இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

சின்னவர் கேபினுக்குக் கூப்பிட்டார். நல்ல மூடில் இருந்தார். ஜீவிதாவைப் படிப்பு முடிந்ததும் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். அடுத்த செமஸ்டருக்கும் காலேஜில் ஆள் கேட்கப் போகிறாராம். எழுந்து கதவுப் பக்கம் போன என்னை நிறுத்தினார்.

"அண்ணா, இனி ரெண்டு வருசத்துக்கு ஆடிட்காரங்க இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்க. அந்தப் பின்கதவைப் பழையபடி பூட்டிப்போடுங்க. அப்படியே அந்த ஸ்டூலையெல்லாம் குடோனுக்கு எடுத்துப்போட்டுருங்க. இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது."

"ஸ்டூல் வந்துதானுங்களே தப்பு கொறஞ்சுது?"

"லைட்டு மாத்துனதுலயும் கொறஞ்சிருக்கும். இந்த சீசன் அவசரத்துல உக்காந்துட்டு வேலை செஞ்சா ஆவுமா? சரீங்களா?"

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். என் சர்வீஸில் அவர் அப்பாவுக்கும் அவருக்கும் நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு செக்கிங் பகுதி வரை போனேன். பேச்சி ஸ்டூலில் உட்கார்ந்து பீஸைத் திருப்பிக்கொண்டிருந்தாள், செருப்பைக் கழற்றி விட்டிருந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் பூட்டலாம் என்று நினைத்தேன். அடித்தது. டீ நேரத்தில் பூட்டலாம் என்று நினைத்தேன். இன்றைக்குப் பூட்டவில்லை.

மார்ச் 29, சனி

காலையில் முதல் வேலையாகச் சின்னவர் கேபினுக்குப் போனேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் அவர் கேபின் கதவைச் சாத்தினது கிடையாது.

"தம்பி, ஒண்ணு சொல்லோணும். அந்தப் புள்ள மேல எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க."

"எந்தப் புள்ள? ஜீவிதாவா? என்ன சந்தேகம்?"

"பையருடைய ஆளுன்னு நினைக்கறேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஆடிட்தான் முடிஞ்சுதுங்களேண்ணா?"

"ஆடிட் நடக்கறப்ப எல்லாக் கம்பெனியும் கதவைத் தொறந்துதானுங்க வெக்குது. அது அவங்களுக்குத் தெரியாதுங்களா? முடிஞ்சதுக்கு அப்புறம் பூட்டறாங்களான்னு பாக்கத்தான் உள்ள ஆளு வெக்கறாங்களாமா. மங்கலம் ரோட்டுல ஒரு மேனேஜரு சொன்னாரு. வந்த அன்னைக்கே அந்தப் புள்ள என்ன கேட்டுச்சு தெரியுங்களா? கதவு ஏன் பூட்டியிருக்குன்னு. அப்புறம் தண்ணி. அப்புறம் ஸ்டூலு. எந்த ஸ்டூடண்ட்டுங்க இதையெல்லாம் கேக்கும்?"

சொல்லச் சொல்ல, எனக்கே அது நிஜம்போல் இருந்தது. மூன்று மாதம் மனதில் வைத்துப் புழுங்கினது, கோர்வையாக வந்தது. சின்னவர் என்றைக்காவது காலேஜுக்கு ஒரு போன் போட்டாலோ, வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டாலோ, அவள் பேச்சியின் மகள்தான் என்பது தெரிந்து, என் வேலை அன்றோடு போய்விடும். அது தெரிந்துதான் பேசினேன். 

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இந்த ஸ்டூடண்ட் விவகாரத்தையே இதோட நிறுத்திரலாமா?"

"நிறுத்துனா அதுதானுங்க வம்பு. ஆடிட் முடிஞ்சதும் ஆளையே உள்ள விடலைன்னு ஆயிருமில்லீங்களா? செமஸ்டருக்கு ரெண்டு பேரா எடுங்க."

"ரெண்டு பேரு வந்தா, எது ஸ்டூடண்ட்டு, எது பையரு ஆளுன்னு எப்படிங்ணா கண்டுபுடிக்கறது?"

"கண்டுபுடிக்க முடியாதுங்க தம்பி. ரெண்டுமே பையரு ஆளுன்னு நினைச்சுக்கிட்டாத்தான் நம்மளுக்கு நல்லது."

சின்னவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார். கடைசியில், "கதவு அப்படியே கெடக்கட்டும். ஸ்டூலும் இருக்கட்டும்" என்றார்.

அப்போது யாரோ தட்டினார்கள். ஜீவிதா, கையெழுத்து வாங்க வேண்டிய காலேஜ் வருகைப் பதிவுத் தாளோடு உள்ளே வந்தாள். செக்கிங் பேச்சியம்மாளின் மகளைப் பார்த்ததும் சின்னவர் எழுந்து நின்றுவிட்டார்.